பிரியலாமா ஸ்காட்லாந்து? பணம், எல்லை, எண்ணெய் எல்லாவற்றையும் போட்டு உடைப்போம்

கிளைட்காரன் (கிளாஸ்கோ)

வரி பற்றிய இழையில் ஆரம்பித்த பேச்சு வழக்கம்போல ஸ்காட்லாந்து தனி நாடாகலாமா என்ற சண்டையில் போய் நின்றதால், அதைத் தனி இழையாகப் போடச் சொல்லிவிட்டார் நெறியாளர். சரி, நானே ஆரம்பிக்கிறேன். ஒளிவுமறைவு வேண்டாம், நான் பிரிய வேண்டும் என்கிற கட்சி. பிரியலாமா என்று 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் 'ஆம்' என்று போட்டவன். அப்போது என் கையில் இந்திய பாஸ்போர்ட்தான், காமன்வெல்த் குடிமகன் என்பதால் ஓட்டு கிடைத்தது. 55.3-க்கு 44.7 என்று தோற்றோம். ஓட்டுப்பதிவு 84.6 சதவீதம், இந்த நாட்டில் பொதுத் தேர்தலுக்குக்கூட அப்படிக் கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை.

தோற்றதோடு விட வேண்டியதுதானே என்பீர்கள். விட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு 'இல்லை' பக்கத்தார் திரும்பத் திரும்பச் சொன்னது, பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நிற்பீர்கள், சேர்ந்திருந்தால்தான் உள்ளே இருக்கலாம் என்பது. அப்போதைய ஐரோப்பிய ஆணையத் தலைவர் பரோசோவே, மறுபடி உள்ளே வருவது மிகக் கடினம் என்று தொலைக்காட்சியில் சொன்னார். இரண்டே வருஷம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா என்று 2016-இல் நடந்த பிரெக்சிட் வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் 32 உள்ளாட்சிப் பகுதிகளிலும், ஒன்றுகூட விடாமல், 'இருப்போம்' பக்கம்தான் ஜெயித்தது. மொத்தத்தில் 62 சதவீதம். அப்படியும் இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். இதில் என் ஓட்டுக்கு என்ன மதிப்பு?

இது புதுக் கதையும் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று போட்ட தலைவரியை மார்கரெட் தாட்சர் அரசு இங்கிலாந்துக்கு ஒரு வருஷம் முன்பாகவே, 1989-இல், இங்கேதான் கொண்டுவந்தது. இங்கே அவர் கட்சி ஜெயிக்காத காலம் அது. பிரிவினை கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியான எஸ்.என்.பி. மேல் எனக்குப் பெரிய பாசமெல்லாம் கிடையாது, அவர்கள் கப்பல் கட்டிய லட்சணத்தை எல்லாரும் பார்த்தோம். என் கேள்வி கட்சி பற்றியது அல்ல. இந்த 55 லட்சம் பேருக்கு யார் முடிவெடுப்பது என்பதுதான்.

எடின்அக்கா (எடின்பரோ)

தம்பி, உங்கள் கோபம் நியாயம்தான், 2016-இல் எனக்கும் அதே கோபம். ஆனால் 2014-இல் நான் 'இல்லை' போட்டதற்கு ஐரோப்பா காரணம் இல்லை, நாணயம்தான் காரணம். அது இன்றுவரை தீரவில்லை.

என் வேலை ஓய்வூதிய நிதிக் கணக்கு. அதனால் இதை வேறு யாரையும்விட அதிகமாக யோசித்திருக்கிறேன் என்று கொஞ்சம் திமிரோடு சொல்லிக்கொள்கிறேன். 2014 பிப்ரவரியில் அப்போதைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கே வந்து, பிரிந்தால் பவுண்டில் கூட்டு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். தொழிற்கட்சியும் லிபரல் டெமாக்ரட்டும் அதையே சொன்னார்கள். அப்போது ஸ்காட்லாந்தின் முதல்வராக இருந்த எஸ்.என்.பி. தலைவர் அலெக்ஸ் சால்மண்ட், அது வெறும் மிரட்டல், கடைசியில் ஒத்துக்கொள்வார்கள் என்றார். மிரட்டலாகவே இருக்கட்டும், ஆனால் வீட்டுக்கடன் வாங்கியவர் மிரட்டலை நம்பியா கையெழுத்துப் போடுவார்?

இப்போது எஸ்.என்.பி. சொல்வது வேறு: முதலில் யாரிடமும் கேட்காமல் பவுண்டையே வைத்துக்கொள்வோம், பிறகு நிலைமை பார்த்து ஸ்காட்டிஷ் பவுண்டுக்கு மாறுவோம். 2022 அக்டோபரில் வந்த அரசு ஆவணத்திலும் இதுதான். அந்த இடைக்காலத்தில் வட்டி விகிதம் லண்டனில் இன்னொரு நாட்டு மத்திய வங்கி தீர்மானிப்பது, வங்கி ஒன்று கவிழ்ந்தால் தூக்கிவிட நம்மிடம் பணம் அச்சடிக்க ஆள் இல்லை. இப்போது இருப்பதைவிடக் குறைந்த அதிகாரம் அது. இதற்குப் பெயர் சுதந்திரமா?

தேம்ஸ்கரை (லண்டன்)

ஆமாம் அக்கா, உங்கள் ஊர் நோட்டை இங்கே நீட்டினால் இப்போதே முகத்தைச் சுளிக்கிறார்கள், தனி நாடு வேறு ஆனால் கேட்கவே வேண்டாம் 😄 போன மாதம் கிளாஸ்கோவிலிருந்து வந்த மச்சான் 20 பவுண்டு நோட்டை ஒரு கடையில் நீட்ட, அந்தப் பையன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முதலாளியைக் கூப்பிட்டு, கடைசியில் கார்டு இருக்கா என்று கேட்டான்.

என் நிலைப்பாடு: சேர்ந்தே இருக்க வேண்டும். 300 வருஷத்துக்கு மேல் ஒரே நாடு, 1707-இலிருந்து.

கிளைட்காரன் (கிளாஸ்கோ)

@தேம்ஸ்கரை அந்த நோட்டின் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ராயல் பேங்க், கிளைட்ஸ்டேல் மூன்றும் நோட்டு அடிக்கின்றன, ஆனால் அடிக்கும் நோட்டுக்கு ஈடு காட்ட வேண்டும். அதற்கென்றே பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் பத்து லட்சம் பவுண்டு நோட்டும் பத்துக் கோடி பவுண்டு நோட்டும் உண்டு, ஜயன்ட், டைட்டன் என்று பெயர், வெளியே புழக்கத்துக்கு வராது. அதாவது உங்கள் கடைக்காரர் சந்தேகப்பட்ட அந்த 20 பவுண்டுக்குப் பின்னால் உங்கள் ஊர் வங்கியே நிற்கிறது.

அப்புறம் ஒரு சந்தேகம். 2016-இல் 'வெளியேறுவோம்' என்று போட்டதாக வேறொரு இழையில் நீங்களே பெருமையாக எழுதியது ஞாபகம். ஒரு ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது உங்களுக்கு ஜனநாயகம், எங்களுக்கு மட்டும் துரோகமா?

தேம்ஸ்கரை (லண்டன்)

போட்டேன், இன்றைக்குக் கேட்டாலும் போடுவேன். அன்றைக்குப் போலந்திலிருந்து வருபவர் விசா இல்லாமல் வரலாம், என் தங்கை மகன் பட்டம் வாங்கிக்கொண்டு வர வரிசையில் நிற்க வேண்டும், அது என்ன நியாயம்? ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் வித்தியாசம் உண்டு தலைவா. அது 1973-இல் சேர்ந்த ஒப்பந்தம். ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-ஆம் உறுப்பில் வெளியேறும் வழியும் எழுதியிருந்தது. இது ஒரே நாடு, ஒரே பாராளுமன்றம், ஒரே ராணுவம், ஒரே கடன்.

அதோடு வெளியேறுவது எவ்வளவு இழுக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். 2016 ஜூனில் ஓட்டு, 2017 மார்ச் 29-இல் கடிதம், 2020 ஜனவரி 31-இல் வெளியே, அந்த வருஷக் கடைசி வரை இடைக்காலம். 47 வருஷ உறவுக்கே அவ்வளவு. 1707-இலிருந்து பின்னிக்கிடப்பதைப் பிரிக்க சால்மண்ட் கேட்டது ஒன்றரை வருஷம், 2016 மார்ச் 24-இல் சுதந்திர தினம் என்று நாளே குறித்துவிட்டார்.

வடகடல் (அபர்தீன்)

அந்த 2016 மார்ச் தேதியைப் பற்றிப் பேசவே நான் உள்ளே வந்தேன், நல்லவேளை எடுத்துக் கொடுத்தீர்கள்.

நான் எண்ணெய்த் தளங்களில் பராமரிப்புப் பொறியாளன், இரண்டு வாரம் கடலில், பிறகு கரையில். பிரிவினைக்காக ஸ்காட்டிஷ் அரசு 2013-இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2016-17-இல் வடகடல் வருமானம் 680 கோடியிலிருந்து 790 கோடி பவுண்டு வரை வரும் என்று கணக்குப் போட்டது, பீப்பாய் 110 டாலர் சுமாருக்கு விற்கும் என்ற நம்பிக்கையில். 2014 கடைசியில் விலை சரிய ஆரம்பித்தது, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே. 2015-16-இல் ஸ்காட்லாந்தின் பங்காக உண்மையில் வந்த எண்ணெய் வருமானம் 6 கோடி பவுண்டு. 600 அல்ல, 6. அந்த மார்ச்சில் நாம் தனி நாடாகியிருந்தால் முதல் பட்ஜெட்டிலேயே ஆஸ்பத்திரியா பள்ளிக்கூடமா என்று சீட்டுப் போட வேண்டியிருக்கும்.

அப்போது ஹெலிகாப்டர் நிலையத்தில் எப்படி இருந்தது தெரியுமா? மேலே கிளம்புவதற்கு முன் எல்லாரும் உயிர்காப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு பாதுகாப்பு வீடியோ பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அபர்தீன் நகரம் 2014-இல் 58.6 சதவீதம் 'இல்லை' போட்டது, எண்ணெய் ஊர்க்காரனுக்குத்தான் எண்ணெயை நம்பக்கூடாது என்று தெரியும்.

கிளைட்காரன் (கிளாஸ்கோ)

அண்ணா, விலை விழுந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் கதையை 2014-இல் ஆரம்பிப்பது நியாயமில்லை. 1974-இல் மெக்ரோன் என்ற அரசுப் பொருளாதார வல்லுநர், ஸ்காட்லாந்து தனி நாடானால் எண்ணெயால் உபரி கொழிக்கும், ஐரோப்பாவிலேயே வலுவான நாணயங்களில் ஒன்றாக இருக்கும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார். அது ரகசியக் கோப்பில் போய், வெளியே வந்தது 2005-இல். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று 1979-இல் ஓட்டுப் போட்ட என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அது தெரியாது. நார்வே 1990-இல் சட்டம் போட்டு, 1996-இல் முதல் பணத்தைப் போட்டு, இன்றைக்கு உலகத்திலேயே பெரிய அரசு நிதியை வைத்திருக்கிறது. நமக்கு என்ன மிச்சம்? 2025 ஏப்ரலில் கிரேஞ்ச்மவுத் சுத்திகரிப்பு ஆலையையும் மூடியாயிற்று. எண்ணெய் எடுக்கிற நாட்டில் இருந்த ஒரே சுத்திகரிப்பு ஆலை!

வடகடல் (அபர்தீன்)

நார்வேயை எல்லாரும் சொல்கிறார்கள். நார்வே சேமித்தது சரி, ஆனால் அது போன பஸ். வடகடல் உற்பத்தி உச்சம் தொட்டது 1999-இல். அதன் பிறகு இறங்குமுகம்தான். 1975-இல் பிரிந்திருந்தால் லாபம், ஒத்துக்கொள்கிறேன். நான் ஓட்டுப் போடப்போவது இனி வரும் வருஷங்களுக்கு.

இன்னொன்று, லண்டன்காரன் கொள்ளையடிக்கிறான் என்பவர்கள் எண்ணெய் நிறுவனங்கள் மேல் போட்ட கூடுதல் லாப வரியைப் பற்றியும் பேச வேண்டும். 2022-இல் கொண்டுவந்து, இப்போது மொத்த வரி 78 சதவீதத்தில் நிற்கிறது. அதை எதிர்த்து ஹோலிரூட், அதாவது எடின்பரோவில் உள்ள ஸ்காட்டிஷ் பாராளுமன்றம், பெரிதாகக் குரல் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எடின்பரோ நம்மைக் காப்பாற்றும் என்று அபர்தீனில் யாரும் நினைப்பதில்லை.

மொன்றியல்பொடியன் (கியூபெக்)

எனக்கு உங்கட நாட்டில் வாக்கு இல்லை, ஆனால் இந்தப் படத்தை நாங்கள் முதலே பார்த்துவிட்டோம், அதனால் ஒரு கதை சொல்லுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30. கியூபெக் பிரிவதா இல்லையா. 'இல்லை' 50.58 வீதம், 'ஓம்' 49.42. மொத்த வித்தியாசம் 54,288 வாக்கு. வாக்களித்தவர்கள் 93 வீதத்துக்கும் மேலே. அப்பா வேலையால் வந்து சாப்பிடாமல் ரிவிக்கு முன்னால் இருந்தார், சனமெல்லாம் அப்பிடித்தான். தோற்ற இரவு மாகாண முதல்வர் பரிசோ மேடையில் ஏறி, பணமும் இனக்குழுக்களின் வாக்கும்தான் எங்களைத் தோற்கடித்தது என்று சொன்னார். அதாவது எங்களைப் போல வந்து குடியேறின ஆக்கள். அடுத்த நாளே பதவியை விடுகிறேன் என்று அறிவித்தார், ஆனால் சொன்ன சொல் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் அடுத்த கிழமை நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

ஸ்காட்லாந்தில் அது அப்படி இல்லை என்று கேள்விப்படுகிறேன். அது உண்மையா?

எடின்அக்கா (எடின்பரோ)

பெரும்பாலும் உண்மை. 2014-இல் இங்கே வசிக்கிறாரா என்பதுதான் கணக்கு. பிரிட்டிஷ்காரர், ஐரோப்பிய ஒன்றியத்தார், காமன்வெல்த்காரர், 16 வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஓட்டு. லண்டனில் குடியேறிவிட்ட, இங்கேயே பிறந்து வளர்ந்த ஸ்காட்காரருக்கு ஓட்டு இல்லை. ரத்தத்தைப் பார்க்கவில்லை, முகவரியைப் பார்த்தார்கள். கிளைட்காரன் பக்கத்துக்கு நான் கொடுக்கும் முழு மதிப்பெண் இதற்குத்தான். பிரிவினை இயக்கம் என்றாலே வந்தேறி எதிர்ப்பு என்று நினைப்பவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும்.

ஆனால் தோற்ற பிறகு கசப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். ஓய்வூதியக்காரர்கள் கவிழ்த்துவிட்டார்கள் என்று இளையவர்கள் பேசினார்கள். என் மகள் அவள் தாத்தாவோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

சட்டப்புள்ளி

மொன்றியல் நண்பர் கியூபெக்கை இழுத்தது நல்லது, ஏனென்றால் ஸ்காட்லாந்து வழக்கிலேயே கியூபெக் வருகிறது.

சுருக்கமாக: 1998 ஸ்காட்லாந்து சட்டப்படி ஸ்காட்லாந்து-இங்கிலாந்து ஒன்றியம் பற்றிய விஷயம் வெஸ்ட்மின்ஸ்டருக்கு, அதாவது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு, ஒதுக்கப்பட்டது. 2014 வாக்கெடுப்பு நடந்ததற்குக் காரணம் 2012 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் கேமரனும் சால்மண்டும் எடின்பரோவில் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அதன்படி 1998 சட்டத்தின் 30-ஆம் பிரிவின் கீழ் தற்காலிகமாக அதிகாரத்தைக் கொடுத்தார்கள். மறுபடி கேட்டபோது, பிறகு பிரதமரான தெரசா மே இது நேரமல்ல என்றார், அவருக்குப் பின் வந்த போரிஸ் ஜான்சன் 2020-இல் எழுத்திலேயே மறுத்தார். கடைசியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2022 நவம்பர் 23, ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக: கருத்தறியும் வாக்கெடுப்பாக இருந்தாலும் ஹோலிரூட் தானாக நடத்த முடியாது.

சுயநிர்ணய உரிமை என்று எஸ்.என்.பி. வைத்த வாதத்துக்குப் பதிலாக, கனடா உச்ச நீதிமன்றத்தின் 1998 தீர்ப்பை எடுத்துக் காட்டினார்கள். சர்வதேசச் சட்டத்தில் அந்த உரிமை காலனிகளுக்கும், அந்நிய ஆட்சியில் நசுக்கப்படும் மக்களுக்கும்தான், கியூபெக் அப்படி இல்லை, ஸ்காட்லாந்தும் அப்படி இல்லை என்று. சட்டப்படி இது சரிதான். எனக்கு உறுத்துவது வேறு. அதே கனடா தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால், மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும். அதாவது கதவு பூட்டியிருக்கிறது, ஆனால் தட்டினால் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே அந்த இரண்டாம் பாதி யாருக்கும் கடமையாக இல்லை.

@தேம்ஸ்கரை 50-ஆம் உறுப்பு இருந்தது என்றீர்களே, அதுதான் விஷயமே. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போக வழி எழுதியிருந்தது. வட அயர்லாந்து பிரிட்டனை விட்டுப் போகவும் 1998-இன் வட அயர்லாந்துச் சட்டத்தில் வழி இருக்கிறது: பெரும்பான்மை விரும்பக்கூடும் என்று அமைச்சருக்குத் தோன்றினால் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏழு வருஷ இடைவெளி. தானாக விரும்பிச் சேர்ந்த நாடு என்று எல்லாரும் பாராட்டும் ஸ்காட்லாந்துக்கு மட்டும் வழி எங்கேயும் எழுதவில்லை. பிரிவதா வேண்டாமா என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து இல்லை. வழி எழுதப்பட வேண்டும் என்பதில் இருக்கிறது.

தேம்ஸ்கரை (லண்டன்)

வழி எழுதினால் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை இதே கூத்து நடக்கும். ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வரும் வாய்ப்பு என்று சால்மண்டே சொன்னார். மக்களும் பதில் சொல்லிவிட்டார்கள். 2024 தேர்தலில் எஸ்.என்.பி.க்கு 57-இல் 9 இடம், 2015-இல் 59-இல் 56 வாங்கிய கட்சி!

கிளைட்காரன் (கிளாஸ்கோ)

கட்சி விழுந்தது, கோரிக்கை விழவில்லை. கருத்துக் கணிப்புகளில் பிரிவுக்கு ஆதரவு இன்றும் பாதியை ஒட்டித்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களிலேயே 'ஆம்' ஆட்கள் நிறைய. அதோடு தலைமுறை என்றால் எத்தனை வருஷம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 1975-இல் பிரிட்டன் ஐரோப்பாவில் இருக்கலாமா என்று கேட்டு 67 சதவீதம் ஆம் என்றார்கள். பிறகு 2016-இல் மறுபடி கேட்டார்களே, நீங்களும் சந்தோஷமாகப் போய்ப் போட்டீர்களே.

புதுவரவு (டண்டீ)

வணக்கம், நான் இங்கே படிக்க வந்தவன், படிப்பு முடிந்தபின் தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசாவில் இருக்கிறேன். எல்லாரும் எண்ணெய், வங்கி என்று பேசுகிறீர்கள். என் போன்றவர்களுக்கு என்ன ஆகும்? என் அண்ணன் பர்மிங்காமில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை ரயிலில் போய் வருகிறேன். எல்லையில் பாஸ்போர்ட் கேட்பார்களா?

நெறியாளர்

இதற்கு நடுவில் வேறு நாடுகளின் பிரிவினைப் போராட்டங்களை இழுத்து வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழைகள் இருக்கின்றன, அங்கே போய்ப் பேசலாம். புதுவரவின் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

எடின்அக்கா (எடின்பரோ)

நல்ல கேள்வி தம்பி, இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

அயர்லாந்தைப் பாருங்கள். டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட் போகும் ரயிலில் பாஸ்போர்ட் கேட்க ஆள் கிடையாது, பொதுப் பயணப் பகுதி என்று 1920-களிலிருந்தே ஓர் ஏற்பாடு. ஸ்காட்லாந்து தனி நாடானாலும் அதே ஏற்பாட்டில் சேரும் என்றுதான் எஸ்.என்.பி. சொல்கிறது, நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தச் சுதந்திர நடமாட்டம் உரிமையாகக் கிடைப்பது பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு. டப்ளினில் வேலை பார்க்கும் இந்திய பாஸ்போர்ட்காரர் பெல்ஃபாஸ்ட் போக பிரிட்டிஷ் விசா வேண்டும். ரயிலில் யாரும் கேட்கவில்லை என்பதால் சட்டப்படி சரி ஆகிவிடாது, மாட்டினால் விசா வரலாற்றில் கறை. நீங்கள் பர்மிங்காம் போவதும் அப்படி ஆகலாம். ஒரு ரயில் டிக்கெட்டோடு முடிகிற விஷயம், விண்ணப்பம் கட்டணம் என்று போகும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். குடியேற்றம் எடின்பரோ கைக்கு வந்தால் விதிகள் தளரவும் வாய்ப்பு உண்டு. 2005-இல் இங்கே மட்டும் 'ஃப்ரெஷ் டேலண்ட்' என்று ஒரு திட்டம் இருந்தது, படித்து முடித்தவர் இரண்டு வருஷம் தங்கி வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் அப்படி எல்லாருக்கும் இல்லாத காலம் அது. 2008-இல் பிரிட்டன் முழுமைக்குமான திட்டத்தில் கலந்தது, 2012-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அந்த வழியையே அடைத்தது. இங்கே பிறப்பு குறைவு, ஆள் தேவை, அதனால் எந்தக் கட்சி வந்தாலும் ஆள் வேண்டும் என்றுதான் சொல்லும்.

இப்போது சரக்கு. இதில்தான் என் முக்கிய வாதமே இருக்கிறது. 2014-இல் பிரிந்திருந்தால், இரு பக்கமும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்க வாய்ப்பு இருந்தது, இங்கிலாந்து எல்லையில் இருக்கும் கிரெட்னாவில் லாரியை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. பிரெக்சிட்டுக்குப் பிறகு நிலைமை தலைகீழ். ஸ்காட்லாந்து ஒன்றியத்தில் சேர்ந்தால், ஐரோப்பியத் தனிச்சந்தையின் வெளி எல்லை கிரெட்னாவில் வந்து நிற்கும். நம் ஏற்றுமதியில் சுமார் 60 சதவீதம் போவது மற்ற பிரிட்டனுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு. பிரிய வேண்டிய காரணத்தைக் கொடுத்த அதே பிரெக்சிட், பிரியும் வழியில் முள்ளையும் போட்டுவிட்டுப் போயிற்று. கிளைட்காரன் போன்றவர்கள் முதல் பாதியை மட்டும் பேசுகிறார்கள்.

கிளைட்காரன் (கிளாஸ்கோ)

அக்கா, முள் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அயர்லாந்தும் 1922-இல் பிரிந்தபோது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிரிட்டனுக்குத்தான் விற்றது. நாணயத்தை 1979 வரை பவுண்டோடு ஒன்றுக்கு ஒன்று கட்டியே வைத்திருந்தது. மெதுவாக வேறு சந்தைகளைப் பிடித்தது. இன்று அவர்களைப் பார்த்து நாம் பெருமூச்சு விடுகிறோம்.

எடின்அக்கா (எடின்பரோ)

ஐம்பது வருஷம் என்று சொல்ல மறந்துவிட்டீர்கள். நடுவில் எத்தனை லட்சம் பேர் பிழைப்புக்காகக் கப்பலேறி லிவர்பூலுக்கும் லண்டனுக்கும் போனார்கள்? உங்கள் கிளாஸ்கோவிலேயே அவர்கள் பேரப்பிள்ளைகள் பாதி ஊர்.

ஒன்றுக்கு ஒன்று கட்டிவைப்பது எல்லாருக்கும் கைகூடாது என்பதற்கு செக்கோஸ்லோவாக்கியா. 1993 ஜனவரி 1-இல் பிரிந்தார்கள், சண்டை இல்லை, வாக்கெடுப்புகூட இல்லை, செக் பக்கத் தலைவர் கிளாவுஸும் ஸ்லோவாக் பக்கத் தலைவர் மெச்சியாரும் பேசி முடித்தார்கள். குறைந்தது ஆறு மாதம் ஒரே நாணயம் என்று திட்டம். ஸ்லோவாக்கியக் காசு மதிப்பிழக்கும் என்று சனம் பணத்தை செக் வங்கிகளுக்கு மாற்ற ஆரம்பித்தது, பிப்ரவரி 8-இல் கூட்டு முறிந்தது. புது நோட்டு அச்சாகும் வரை பழைய நோட்டில் ஸ்டாம்ப் ஒட்டிப் புழங்கினார்கள். அவ்வளவு சுமுகமாகப் பிரிந்தவர்களுக்கே இந்தக் கதி.

வடகடல் (அபர்தீன்)

கடன் பாகம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. பாகப்பிரிவினை என்றால் சொத்து மட்டும் அல்ல, அப்பா வைத்த கடனும் வரும்.

சட்டப்புள்ளி

2014 ஜனவரியில் பிரிட்டிஷ் கருவூலம், ஏற்கெனவே வாங்கிய கடன் முழுவதற்கும் நாங்களே பொறுப்பு என்று அறிவித்தது, கடன் கொடுத்தவர்கள் பதறக்கூடாது என்பதற்காக. ஸ்காட்லாந்து தன் பங்கை லண்டனுக்குக் கட்ட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நாணயம் தராவிட்டால் கடனும் ஏற்கமாட்டோம் என்று சால்மண்ட் சொன்னது அந்தத் துணிச்சலில்தான். அது பேரப் பேச்சு. ஆனால் புதுசாகச் சந்தைக்குப் போய்க் கடன் கேட்கும் நாடு, பழைய கடனைக் கைகழுவிவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு போக முடியாது.

வடகடல் (அபர்தீன்)

புதுக் கடன் எதற்கு என்றும் பார்க்கலாம். ஸ்காட்டிஷ் அரசே போடும் கணக்குப்படி 2023-24-இல் பற்றாக்குறை, எண்ணெயைச் சேர்த்தே, உள்நாட்டு உற்பத்தியில் 10.4 சதவீதம். பிரிட்டன் முழுமைக்கும் 4.5. தலைக்குச் செலவு மற்ற இடங்களைவிட 2,000 பவுண்டுக்கு மேல் கூடுதல். இலவச மருந்து, இலவசக் கல்லூரி எல்லாம் அதில்தான் ஓடுகிறது. அதற்கும் மேல் நான் 43,662 பவுண்டுக்கு மேலே 42 சதவீத வரி கட்டுகிறேன், இங்கிலாந்தில் 50,270 வரை 20 சதவீதம்தான்.

கிளைட்காரன் (கிளாஸ்கோ)

அந்தக் கணக்கு இன்றைய ஏற்பாட்டின் கணக்கு அண்ணா. அதில் நாம் கேட்காத செலவும் பங்கு போட்டு நம் தலையில் எழுதப்படுகிறது. ஃபாஸ்லேன் அணு நீர்மூழ்கிகள் என் வீட்டிலிருந்து 40 கிலோமீட்டர், நான் கேட்டேனா? அந்தப் பற்றாக்குறை இருக்கிறது என்றால் 300 வருஷ ஒன்றியம் எங்களை அந்த நிலையில்தான் வைத்திருக்கிறது என்றும் படிக்கலாமே.

வடகடல் (அபர்தீன்)

படிக்கலாம். ஆனால் முதல் வருஷ பட்ஜெட்டை அப்படிப் படித்துக்கொண்டிருக்க முடியாது. நீர்மூழ்கியை நிறுத்தினாலும் 10.4 என்பது 4.5 ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 3. 2013-இல் சேர்ந்த குரோவேஷியாவை மறுவருஷமே அதிகப் பற்றாக்குறை நடவடிக்கையில் போட்டார்கள். சேரவிடமாட்டார்கள் என்று சொல்லவில்லை, ஸ்பெயினின் போரெல்கூட 2018-இல் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, சட்டப்படி பிரிந்தால் தடுக்கமாட்டோம் என்றார். சேர்ந்த பிறகு பெல்ட்டை இறுக்கச் சொல்வார்கள். யார் பெல்ட்டை என்று 'ஆம்' கட்சி ஓட்டுக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். 2014-இல் சொல்லவில்லை.

தேம்ஸ்கரை (லண்டன்)

அப்புறம் ஷெட்லாந்து, ஆர்க்னி? ஆர்க்னியில் 67 சதவீதம் 'இல்லை'. அவர்கள் நாங்கள் ஸ்காட்லாந்தை விட்டுப் பிரிகிறோம் என்றால் அனுப்புவீர்களா? எண்ணெயில் பெரிய பங்கு அங்கேதானே.

கிளைட்காரன் (கிளாஸ்கோ)

கேட்டால் ஓட்டு நடத்தலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் கேட்பதை இன்னொருவருக்கு மறுக்கமாட்டேன். (15-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்-நார்வே அரசர் மகளுக்கு வரதட்சணை கட்ட முடியாமல் அடகு வைத்த தீவுகள் அவை, மீட்கவே இல்லை.)

மொன்றியல்பொடியன் (கியூபெக்)

ஒரு கேள்வி. 50 வீதமும் ஒரு வாக்கும் போதுமா? இங்கே 2000-இல் தெளிவுச் சட்டம் என்று கொண்டுவந்து, எது தெளிவான பெரும்பான்மை என்று பாராளுமன்றம் தீர்மானிக்கும் என்று வைத்தார்கள். எத்தனை வீதம் என்று எழுதவேயில்லை.

சட்டப்புள்ளி

மாண்டினீக்ரோவில் 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் 55 சதவீதம் வேண்டும் என்று வைத்தது, 55.5 வந்தது. கொஞ்சம் சறுக்கியிருந்தால் பெரும்பான்மை இருந்தும் தோல்வி. ஸ்காட்லாந்து அதைப் பார்த்திருக்கிறது: 1979-இல் தனிச் சட்டமன்றத்துக்கு 51.6 சதவீதம் ஆம் என்றார்கள், ஆனால் மொத்த வாக்காளரில் 40 சதவீதம் வேண்டும் என்று ஒரு விதியைச் சொருகியிருந்தார்கள். வந்தது 32.9. வீட்டிலேயே இருந்தவனும் செத்துப்போய்ப் பட்டியலில் இருந்தவனும் 'இல்லை' கணக்கில் சேர்ந்தான். அந்தக் கசப்பு 18 வருஷம் இருந்தது. 1997-இல் மறுபடி கேட்டபோது 74.3 சதவீதம். அதனால் இங்கே வரம்பு வைக்க யாரும் இனி துணியமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

எடின்அக்கா (எடின்பரோ)

வரம்பு வேண்டாம், ஆனால் இரண்டு ஓட்டு வேண்டும். முதலில் பேசப் போகலாமா என்று ஒன்று. நாணயம், எல்லை, கடன் எல்லாம் எழுத்தில் வந்த பிறகு, இந்த விலைக்குச் சம்மதமா என்று இன்னொன்று. 2016-இல் அது இல்லாததால்தான் எதற்கு ஓட்டுப் போட்டோம் என்று நாலு வருஷம் அடித்துக்கொண்டார்கள்.

கிளைட்காரன் (கிளாஸ்கோ)

இரண்டாவது ஓட்டு உண்டு என்று தெரிந்தால் லண்டன் வேண்டுமென்றே மோசமான ஒப்பந்தத்தைத்தானே கொடுக்கும்? இருந்தாலும் நீங்கள் 'ஆம்' பக்கம் வர அதுதான் வழி என்றால் நான் சம்மதிக்கிறேன்.

எடின்அக்கா (எடின்பரோ)

வருவேன் என்று சொல்லவில்லை. படித்துப் பார்ப்பேன் என்றேன்.

புதுவரவு (டண்டீ)

கடைசியாக ஒன்று. அப்படி ஒரு வாக்கெடுப்பு வந்தால் விசாவில் இருக்கும் எனக்கு ஓட்டு உண்டா?

சட்டப்புள்ளி

எந்தப் பட்டியலை வைத்து நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது, அதை அந்த வாக்கெடுப்புக்கான சட்டம் சொல்லும். 2014 போல ஹோலிரூட் பட்டியலை வைத்தால் உண்டு. 2020-இல் வந்த ஸ்காட்லாந்துச் சட்டப்படி, தங்க அனுமதி உள்ள எந்த நாட்டவருக்கும் ஹோலிரூட்டிலும் உள்ளாட்சியிலும் ஓட்டு இருக்கிறது. 2016 போல வெஸ்ட்மின்ஸ்டர் பட்டியல் என்றால் எடின்பரோவின் லீத்தில் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கும் போலந்துக்காரருக்கு இல்லை, காமன்வெல்த்காரர் என்பதால் போன வருஷம் வந்த உங்களுக்கு உண்டு. எதுவானாலும் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். இணையத்தில் ஐந்து நிமிஷ வேலை. கடைசித் தேதி ஓட்டு நாளுக்கு 12 வேலை நாள் முன்னால், அதற்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே செய்துவிடுங்கள்.